காசியானோவைக் கழற்றிவிட்டவன்

காசியானோவைக் கழற்றிவிட்டது என் கட்டைவிரல்தான், புத்தி இல்லை. அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். இந்தப் பாழாய்ப்போன ரோஷம் விடவில்லை.

எங்கள் பஸ் ஷெட்டில் காலைச் சுற்று முடிந்து பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், மதியம் வரை யாருக்கும் வேலை கிடையாது. ஓட்டுநர் அறையில் காப்பியும் டோனட்டுமாக உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவோம். ஏப்ரல் பிறந்துவிட்டால் வம்பு நின்று லீக் ஆரம்பித்துவிடும். நிஜத்தில் பேஸ்பால் ஆடுகிறவர்களை எங்களுக்குள் பங்கு போட்டு ஆளுக்கொரு டீம் வைத்துக்கொள்வோம். எங்கோ ஒரு மைதானத்தில் அவன் நன்றாக ஆடினால் இங்கே எனக்குப் புள்ளி ஏறும். அவ்வளவுதான் விளையாட்டு. "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை வெச்சு விளையாடுறீங்க" என்பாள் என் மனைவி பெவர்லி. அவளுக்கென்ன தெரியும்? ஜெயிக்கிறவருக்கு பனிக்காலம் முழுவதும் ஷெட்டில், பஸ் எஞ்சின் உறையாமல் ராத்திரி முழுக்க ஹீட்டர் செருகி வைக்கிற முதல் இடம். ஒஹாயோவில் ஜனவரி விடியலில் உறைந்துபோன பஸ்ஸைக் கிளப்பிப் பார்த்தவனுக்குத்தான் அந்த இடத்தின் அருமை தெரியும்.

விதிகள் கறார். டீமில் இருபத்தைந்து பேர், ஒருவன் கூடக் கூடாது. யார் டீமிலும் இல்லாத ஒருவனைப் புதிதாக எடுக்க ஆசைப்பட்டால், இருக்கிற ஒருவனைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிவிடப்பட்டவன் இரண்டு நாள் அந்தரத்தில் தொங்குவான். அவன் வேண்டுமென்கிறவர்கள் கேட்கலாம். பல பேர் கேட்டால், வரிசையில் முதலில் நிற்பவருக்கு அவன் போய்ச் சேருவான். ஒரு தடவை எடுத்துவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டியதுதான். ஆகஸ்ட் முடிந்தபின் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதற்கும் தடை. இதையெல்லாம் கட்டிக்காப்பது டுவேன். ஷெட்டின் மெக்கானிக், லீக்கின் தலைவர். தன் மகள் மேடி என் பஸ்ஸில் வருகிறாள் என்பதற்காகக்கூட எனக்கு ஒரு விதியைத் தளர்த்தாத மனுஷன்.

என் பஸ் சக்கர நாற்காலிப் பிள்ளைகளின் பஸ். மேடிக்கு ஒன்பது வயது. அவள் நாற்காலியை ஏற்றுகிற லிஃப்ட்டுக்கு டுவேன் தன் கையாலேயே எண்ணெய் போடுவான். வேறு யாரையும் தொட விடமாட்டான்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. என் டீம் எப்போதோ போட்டியிலிருந்து வெளியே போயிருந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்குமா? ட்ரெஸ்லர் என்று ஒரு உருப்படாத பயல் என் டீமில் உட்கார்ந்திருந்தான். அவனைக் கழற்றிவிட்டு வேறு ஒருவனை எடுக்கலாம் என்று ஃபோனில் அழுத்தினேன். ட்ரெஸ்லருக்கு மேல் வரியில் இருந்தவன் காசியானோ. லீக்கிலேயே முதல்தரமான பந்துவீச்சாளன். ஏப்ரலில் பங்கு போட்டபோது அவனை நான் எடுத்ததற்கு லோனி பொறாமையில் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

லோனியும் ஓட்டுநர்தான். வாய் மட்டும் தனியாக வாடகைக்கு விடலாம். யார் யாரைக் கழற்றிவிட்டாலும் எல்லோர் ஃபோனுக்கும் செய்தி போகும்; அவன் ஃபோன்தான் முதலில் கூவியது.

"யோவ் கிழவா! காசியானோவையா கழட்டி விட்டே? காலையில காப்பியில என்னத்தக் கலந்து குடிச்ச?"

அறையே திரும்பிப் பார்த்தது.

டுவேன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "கை தவறிடுச்சா வெர்ன்? சொல்லிடு, இப்பவே திருப்பிப் போட்டுடறேன்."

எங்கள் ஷெட்டின் வழக்கம் அது. கை தவறினால் இரண்டு நாளைக்குள் சொல்லிவிட வேண்டும். டுவேன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரியை அழுத்தப் போய் எந்த வரியை அழுத்தினோம் என்று ஃபோனில் காட்ட வேண்டும். லோனி ஒருமுறை மனசு மாறியதையெல்லாம் கை தவறியது என்று புளுகியதால் வந்த வழக்கம். ஆகஸ்டில் மட்டும் நான் இரண்டு தடவை கை தவறியிருந்தேன். இரண்டு தடவையும் விரலை உத்தேசமாக நீட்டி ஒப்பேற்றியிருந்தேன்.

"மூணாவது தடவையா? கண்ணு கிண்ணு அவுட்டா கிழவா?" என்றான் லோனி.

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மூலையில் காகிதம் பார்த்துக்கொண்டிருந்த கெய்ல் நிமிர்ந்தாள். எங்கள் மேலதிகாரி அவள். யார் எந்த பஸ்ஸை ஓட்டுவது, யார் ஓட்டக் கூடாது என்பதெல்லாம் அவள் கையில்.

"கை ஒண்ணும் தவறல. வேணும்னுதான் விட்டேன்" என்றேன்.

"வேணும்னா? காசியானோவையா?"

"அவன் தோள் போச்சுப்பா. முன்ன மாதிரி வேகம் இல்ல. பாத்துக்கிட்டே இருங்க, இன்னும் ரெண்டு ஆட்டம், படுத்துருவான். உங்களுக்கெல்லாம் ஆட்டம் பாக்கத் தெரியுதா? நம்பர மட்டும்தான் பாக்கறீங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. கெய்ல் மறுபடியும் காகிதத்தில் குனிந்துகொண்டாள். எனக்கு உயிர் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். வெட்கங்கெட்டவன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஒருநாள் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் மூக்கு காணாமல் போயிருந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தேன். அழுக்கு கண்ணாடியில் இல்லை. எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் கறை. ஓரங்களெல்லாம் பளிச்சென்று தெரியும். பக்கத்து ஊரில் ஒரு கண் டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போனேன். வயசானால் வருவதுதான், மெதுவாகக் கூடும், இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். தலையை ஆட்டிவிட்டு, அவர் வாசலிலிருந்தே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெவர்லியிடம் கண்ணாடி மாற்ற வேண்டுமாம் என்றேன்.

ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனை ஜனவரியில்தான் முடிந்திருந்தது. அடுத்த ஜனவரி வரை யாரும் கேட்க மாட்டார்கள். என் சர்வீஸ் முழுக்க ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவன் நான். ஸ்டியரிங்கைப் பிடிக்காத என்னை எனக்கே அடையாளம் தெரியாது. தலையைக் கொஞ்சம் சாய்த்து ஓரக்கண்ணால் ரோட்டைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். இன்னும் ஒரு வருஷம், அப்புறம் மரியாதையாக ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விடலாம். இப்படித்தான் தினமும் எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொண்டேன். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான் என்று ஃபோனில்கூடப் பொடி எழுத்தாகவே வைத்திருந்தேன். அந்த வீம்புக்குக் கிடைத்த கூலிதான் காசியானோ.

பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர் ரோஷெல். முப்பது வயசிருக்கும். என்னை "மிஸ்டர் வெர்ன்" என்றுதான் கூப்பிடுவாள். அவள் பாட்டி வளர்த்த விதம் அப்படியாம், பெரியவர்களை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயிலேயே ஒன்று விழுமாம். ஆரம்பத்தில் பின்னால் மேடியின் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். மே மாதம் போல என் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சீட்டுக்கு மாறினாள். அப்போதிலிருந்து அவள் வாய் ஓயவே இல்லை. "மேடி, அங்க பாரு, சிவப்பு விழுந்துடுச்சு." "ஹே பசங்களா, குப்பை வண்டி நிக்குது, வலது பக்கம், பாத்தீங்களா?" "பச்சை! நம்ம பச்சை!" பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரு முனையில் நிறுத்தச் சொல்லும் பலகை எனக்குத் தெரியவில்லை. "மிஸ்டர் வெர்ன், நில்லுங்க!" என்று கத்தினாள். நின்றேன். கண்ணெதிரே ஒரு பால் லாரி பறந்து போனது. "சூரியன் கண்ணுல அடிச்சிருச்சு" என்றேன். "ஆமா, இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றாள் ரோஷெல். அன்று மேகமூட்டம்.

சரி, காசியானோவுக்கு வருகிறேன். சனிக்கிழமை அந்தரத்தில் தொங்கியவன் யாரிடம் விழுந்தான் தெரியுமா? ரோஷெல்லிடம். அவள் எங்கள் லீக்கில் சேர்ந்து இதுதான் முதல் வருஷம். யாரையும் கழற்றிவிட மனசு வராதவள். "பாவம், போன வாரம்தானே அவன் கொழந்தை பொறந்துச்சு" என்பாள். ஆளையே மாற்றாததால் வரிசையில் நகர்ந்து நகர்ந்து முதல் இடத்துக்கு வந்திருந்தாள். அதைவிட வேடிக்கை, அரையிறுதிக்கும் வந்திருந்தாள். எதிராளி லோனி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காசியானோ பந்து போட்டான். தோள் போய்விட்டது என்று நான் சத்தியம் பண்ணிய தோள். வந்தவனையெல்லாம் வாயைப் பிளக்க வைத்து அனுப்பினான். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த நான் அதை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். சாயங்காலம் லோனி தோற்றிருந்தான்.

திங்கள் காலை, முதல் பிள்ளையை ஏற்றப் போகிற வழியில் ரோஷெல் மெல்ல ஆரம்பித்தாள்.

"மிஸ்டர் வெர்ன், கோவிச்சுக்காதீங்க. அவனை உங்களுக்குத் திருப்பித் தரலாம்னுதான், மனசு வராம ஒருத்தனைக் கழட்டிட்டு எடுத்தேன். வேற யார் கையிலயாவது போயிட்டா உங்களுக்குக் கிடைக்காதேன்னு."

"எதுக்குத் திருப்பித் தரணும்? நான் வேணும்னுதானே விட்டேன்."

"டுவேன்கிட்ட கேட்டேன், மிஸ்டர் வெர்னுக்கே குடுத்துடலாமான்னு. ஆள் மாத்திக்கிற நாள் முடிஞ்சு போச்சாம். எனக்குத் தெரியாது. வேற வழியில்லாம என் டீம்லயே ஆட்டத்துல இறக்கினேன்" என்றாள்.

அந்தக் கேள்விதான் அவள் கழுத்தில் கயிறாக விழுந்தது. மதியத்துக்குள் ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. போட்டியிலிருந்து வெளியேறிய கிழவன், தன் பஸ்ஸிலேயே வருகிறவளுக்காக, அவள் வரிசையில் முதலில் நிற்கிற நேரம் பார்த்துக் காசியானோவைக் கழற்றிவிட்டான். அவள் எடுத்தாள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவும் பார்த்திருக்கிறாள். கூட்டுக் களவாணித்தனம். இந்த விளையாட்டில் இதைவிடக் கேவலமான குற்றம் இல்லை. தோற்றவனை மன்னிப்பார்கள், தூங்கினவனை மன்னிப்பார்கள், சேர்ந்து திருடினவர்களின் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலைச் சுற்று முடிந்ததும் பஞ்சாயத்து கூடியது. டோனட் பெட்டியை யாரும் திறக்கவில்லை. டுவேன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ரோஷெல் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"சொல்லு லோனி" என்றான் டுவேன்.

"என்னத்தச் சொல்ல? ஊரே பாத்துச்சே. இவரு தோள் போச்சுன்னு கதை விட்டாரு. அந்தத் தோள்தான் ஞாயித்துக்கெழம என்னை மிதிச்சுப் போட்டுச்சு. கிறுக்கன்கூட காசியானோவைச் சும்மா விடமாட்டான். நெருப்பில்லாம புகையுமா?"

"நான் அப்படிப்பட்டவ இல்ல" என்றாள் ரோஷெல்.

"அப்ப ஏன் திருப்பித் தரணும்னு கேட்டே? கடையில எடுத்த பொருளத் திருப்பி வெக்கறதுன்னா, அது தன்னோடது இல்லைன்னுதானே அர்த்தம்?"

அவள் என்னைப் பார்த்தாள். அதாவது அவள் முகம் என் பக்கம் திரும்பியது. கறைக்குப் பின்னால் அந்தக் கண்கள் என்ன கேட்டன என்று எனக்குத் தெரியாது. நல்லவேளை என்றுதான் அப்போது தோன்றியது. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

"ரோஷெல், பதில் சொல்லும்மா" என்றான் டுவேன்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

காரணம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. 'அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல': நாலே வார்த்தை. சொல்லாமல் நின்றாள்.

கெய்ல் எழுந்தாள். "இது விளையாட்டு, நான் தலையிடக் கூடாதுதான். ஆனா ரோஷெல், ஓட்டுநர் பயிற்சிக்கு உன் பேரை இந்த வாரம்தான் எழுதி அனுப்பணும். இந்தப் பொண்ண நம்பி பிள்ளைங்களை ஏத்தலாம்னு நான் கையெழுத்துப் போடணும். விளையாட்டுல ஏமாத்தறவங்க வேற எங்கயும் ஏமாத்த மாட்டாங்கன்னு நான் எப்படி எழுதுவேன்? நீயே சொல்லு."

ரோஷெல் அந்தப் பயிற்சிக்காக எவ்வளவு நாளாகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். காலை இருட்டில், பிள்ளைகள் ஏறுமுன், காலி பஸ்ஸில் என் சீட்டில் உட்கார்ந்து கியரைத் தொட்டுப் பார்ப்பாள். நான் வருவதைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை போல எழுந்துகொள்வாள்.

நான் எழுந்து நின்றேன்.

"அவளை விட்டுடுங்க. கை தவறிதான் விட்டேன்."

"இப்பச் சொல்றாரு பாரு!" என்றான் லோனி. "அன்னைக்கு ஏன்யா சொல்லல?"

"சொன்னா ஃபோன்ல காட்டணும். எனக்குப் படிக்கத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள்.

"கண்ணு தெரியலப்பா" என்றேன். "நடுவுல தெரியல. டுவேன், உன்னை நேராப் பாத்தா உன் தலை இருக்கற இடத்துல ஒரு கறைதான் இருக்கு. தோள் தெரியுது, கை தெரியுது, மூஞ்சி தெரியல. ட்ரெஸ்லரை அழுத்தப் போயி மேல இருந்தவனை அழுத்திட்டேன். ஆகஸ்ட்லயும் அப்படித்தான். இவளுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"நடிக்கிறாருப்பா" என்று லோனி சொல்ல ஆரம்பித்தான். முடிக்கவில்லை. டுவேன் எழுந்து வந்து தன் ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"படி."

தலையைச் சாய்த்தேன், திருப்பினேன், கோழி மாதிரி ஓரக்கண்ணால் கொத்திப் பார்த்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. பூமி பிளந்து விழுங்கியிருந்தால் அதற்கொரு கும்பிடு போட்டிருப்பேன்.

"தெரியல" என்றேன்.

அப்போதுதான் அறைக்கு உறைத்தது. அதுவரை எல்லோர் மண்டையிலும் காசியானோதான் இருந்தான். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"எப்பலேர்ந்து?" என்றாள் கெய்ல்.

"ஏப்ரல்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்."

"ஓட்டலாம்னா சொன்னாரு?"

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லையென்று.

டுவேன் ஃபோனை இறக்கவே இல்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. "மேடி உன் பஸ்லதானே வர்றா" என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். விலாசம் கேட்கிறவன் மாதிரி மெதுவாகக் கேட்டான். "இன்னைக்குக் காலையில நான்தான் பெல்ட்டு மாட்டி விட்டேன். உனக்கு கை ஆட்டிட்டு வந்தேனே. நீயும் ஆட்டினியே."

அவன் கை ஆட்டியது எனக்குத் தெரியவில்லை. தினமும் அந்த இடத்தில் ஆட்டுவான் என்று உத்தேசமாக நானும் ஆட்டுவேன். அதை எப்படி அவனிடம் சொல்வது? "மன்னிச்சுடு டுவேன்" என்றேன். அந்த வார்த்தை என் காதுக்கே அசிங்கமாக இருந்தது.

கெய்ல் என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பினாள். "ரோஷெல். தினம் ரெண்டு வேளை அவர் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து வர்றே. உனக்குத் தெரியாதா?"

"அவளுக்குத் தெரியாது!" என்றேன். கேள்வி முடியுமுன் பாய்ந்துவிட்டேன். அவ்வளவு வேகமாகச் சொன்னால் எவன் நம்புவான்? "சத்தியமாத் தெரியாது. நான் யாருக்கும் காட்டிக்கல. என் பொண்டாட்டிக்கே தெரியாது."

"நான் உன்னைக் கேக்கல வெர்ன்."

ரோஷெல் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"தெரியும்" என்றாள். "மே மாசத்துலேர்ந்து. சிக்னல் எல்லாம் நான்தான் சொல்லிட்டு வர்றேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பேரைக் காப்பாற்ற எழுந்த மகாராஜன் நான்! விளையாட்டில் செய்யாத திருட்டுக்கு மாட்டியிருந்தவளை இழுத்துக்கொண்டு போய், நிஜக் குற்றத்தில் மாட்டிவிட்டேன்.

"தெரிஞ்சும் சொல்லல" என்றாள் கெய்ல்.

"சொல்லல மேடம். அவரு பொழப்பு போயிடுமேன்னு. நான் பாத்துச் சொல்லிக்கிட்டே இருந்தா சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்."

டுவேன் மேஜைக்குப் போனான். நின்றபடியே, யாரையும் பார்க்காமல், விதியை வாசிக்கிற குரலில் சொன்னான்: "புகார் தள்ளுபடி. ரெண்டு பேரும் சேந்து செஞ்சது இல்ல. காசியானோ ரோஷெல் டீம்லயே இருப்பான். லோனி, நீ தோத்தது தோத்ததுதான்." பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருப்பான். மகளை அப்போதே பார்க்க வேண்டும் போல இருந்திருக்கும்.

லோனி டோனட் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடினான்.

கெய்ல் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். திட்டவில்லை. என் உரிமத்தைப் பற்றி மேலே எழுத வேண்டும் என்றாள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் இன்றே தானே ஃபோன் செய்து சொல்லப் போவதாகவும் சொன்னாள். நான் பேசட்டுமா என்று கேட்டேன். "உன் குரலை இப்ப அவங்க கேக்க வேணாம்" என்றாள். ரோஷெல்லைப் பார்த்து, பயிற்சிக்கு அவள் பேர் போகாது என்றாள். இந்த வேலையும் நிற்குமா என்பதைத் தான் ஒருத்தி மட்டும் சொல்ல முடியாது என்றாள். ரோஷெல் "சரிங்க மேடம்" என்றாள்.

வெளியே வந்து ஷெட்டின் வேலியோரம் நின்றோம். பெவர்லி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஃபோனில் அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அப்படியே வைத்துவிட்டாள். ரோஷெல்லும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். மதியச் சுற்றுக்கு பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எங்கள் பஸ்ஸை லோனி எடுத்துக்கொண்டு போனான். எங்களைக் கடக்கும்போது அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை என்று ரோஷெல் சொன்னாள்.

"நான்தான் உனக்குத் தெரியாதுன்னு சொன்னேனே" என்றேன். "பேசாம இருந்திருக்கலாமே நீ. உன் பயிற்சியாவது தப்பிச்சிருக்கும்."

"எப்படி இருப்பேன்? டுவேன் மூஞ்சிய நீங்க பாக்கல மிஸ்டர் வெர்ன். நான் பாத்தேன்."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "இந்தக் காசியானோ தகராறு வராம இருந்திருந்தா, நீங்களா சொல்லியிருப்பீங்களா?"

அந்தப் பால் லாரி அவ்வளவு பக்கத்தில் போயும் நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் அத்தனை பிள்ளைகள் நாற்காலியில் கட்டிப்போட்டபடி உட்கார்ந்திருந்தும் திறக்கவில்லை. ஒரு பொம்மை விளையாட்டில் இவள் பேர் கெட்டுவிடக் கூடாது என்றுதான் திறந்தேன். அந்தப் பிள்ளைகளைவிட எனக்கு லீக்கின் மானம் பெரிதாக இருந்திருக்கிறது. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லத் தொண்டை வரை வந்தது. பொய் சொல்லிப் பழகிய தொண்டைதானே.

"மாட்டேன்" என்றேன்.

அழுகிறாளா என்று பார்க்கலாம் என்றால் எனக்கு முகம் தெரியவில்லை.

"நானுந்தான்" என்றாள்.

கடைசி பஸ்ஸும் வாசலைத் தாண்டிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.